சுற்றினால்தான் வெளிச்சமா?

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் அவரிடம் ஒரு சாமான் உண்டு. தேங்காய் துருவ ஒன்று, கொசு அடிக்க ஒன்று, முதுகு சொறிய ஒன்று. சென்ற ஐப்பசியில் மழை தொடங்கிய அன்று சாயங்காலம், குடையை மடக்கிக்கொண்டே என் வீட்டுக்குள் நுழைந்தவர், பையிலிருந்து சிவப்பு நிறத்தில் ஒரு டார்ச் லைட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதன் விலாவில் ஒரு சிறு கைப்பிடி மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்" என்றார்.

"என்ன எழுத வேண்டும்?"

"வீட்டுக்கு வீடு இது ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். பேட்டரி வேண்டாம், கரண்டு வேண்டாம், செலவு வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால் வெளிச்சம். புயலா, வெள்ளமா, மலை ஏறப் போகிறோமா, காட்டில் ராத்தங்கப் போகிறோமா, எல்லாவற்றுக்கும் இது ஒன்று போதும். கதை கதையாக எழுதித் தள்ளுகிறீர்களே, ஜனங்களுக்குப் பிரயோஜனமாக ஒன்று எழுதக் கூடாதா?"

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கைத்தான் இப்போது காப்பாற்றுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்த்தது இதில் இராது. அந்தச் சிவப்பு சாமானோடு எனக்குச் சொந்த விரோதம் ஒன்று உண்டு. அது அவருக்குத் தெரியாது.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகிச் சென்னைக்குள் புகுந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் அப்போது ஜாபர்கான்பேட்டையில் மாடிப் பகுதியில் குடியிருந்தோம். கீழ் வீட்டுக்காரர்களும் எங்களோடு மேலே வந்துவிட்டார்கள். கரண்டு இல்லை. இரண்டாம் நாள் செல்போன் டவர்களும் பேசாமல் போயின. எங்கள் வீட்டில் இருந்தவை மூன்று மெழுகுவத்தித் துண்டுகளும், உள்ளே பேட்டரிக் கட்டை கக்கிப் பாழாய்ப் போன ஒரு பழைய டார்ச்சும்தான். பதினொரு பேர் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அது உருகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு நானும் எல்லாரையும்போல விவேகியாகிவிட்டேன். கடைத்தெருவில் இந்த டைனமோ டார்ச் குவிந்து கிடந்தது. அட்டைப் பெட்டியின் மேல், ஒரு நிமிஷம் சுற்றினால் அரை மணி நேரம் எரியும் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பேட்டரியே வேண்டாம் என்றும் இருந்தது. இரண்டு வாங்கினேன். ஒன்று எங்களுக்கு. இன்னொன்றை அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்காவிடம் கொடுத்தேன். அக்காவுக்குத் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அத்தான் அதை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "மாப்பிள்ளை, மாவு அரைக்குமா இது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அக்கா அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அது பூட்டின பீரோவுக்குள்ளேயே இரண்டு வருஷம் பத்து மாதம் இருந்தது. அப்புறம் கஜா வந்தது.

2018 நவம்பர் 15-ஆம் தேதி நான் அங்கேதான் இருந்தேன். தீபாவளிக்குப் போனவன், அக்கா விடவில்லை என்று தங்கிவிட்டேன். சாயங்காலமே முன்ஜாக்கிரதையாகக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். நடு இரவுக்குமேல் காற்று வடக்கிலிருந்து வந்தது. அதைக் காற்று என்று சொல்வதே சரியில்லை. ஓடுகள் சீட்டுக்கட்டுப்போல் பறந்தன. தென்னை மரங்கள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் தோப்பிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தான் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வாய்விட்டு எண்ணவில்லை. பிறகு சிறிது நேரம் எல்லாம் ஓய்ந்தது. அது புயலின் கண், மறுபடி தெற்கிலிருந்து வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் அத்தான் மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று கொட்டகைக்குப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் காற்று திரும்பி வந்துவிட்டது. ஒரு தென்னை கொட்டகையின் மேல் சாய்ந்தது. மரம் முறிந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அத்தானுடைய குரல் கேட்டது.

கதைகளில் இந்த இடத்தில் ஒரு மின்னல் வெட்டும். கதாநாயகன் கிடக்கிற இடம் பட்டப்பகல்போல் தெரியும். நானே என் நாவல்களில் இரண்டு தடவை அப்படி மின்னலை வரவழைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு மின்னலும் வரவில்லை. அக்கா பீரோவைத் திறந்து டைனமோ டார்ச்சை என் கையில் திணித்தாள். பொத்தானை அழுத்தினேன். எரியவில்லை. சுற்றினேன், எரிந்தது. சுற்றுவதை நிறுத்தினேன், அணைந்தது. அரை மணி நேரம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்களே, அந்தக் கணக்கு அரை விநாடிக்குமேல் போகவில்லை.

சரி, சுற்றிக்கொண்டே போவோம் என்று போனேன். நேயர்கள் தயவுசெய்து ஒரு காரியம் செய்து பாருங்கள். இடது கையில் ஒரு தம்ளரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதன் விலாவில் காப்பிக்கொட்டை அரைப்பதுபோல் சுற்றிக்கொண்டே வாசல்படி இறங்கி நடங்கள். தம்ளர் ஆடாமல் இருக்கிறதா? டார்ச்சும் அப்படித்தான் ஆடுகிறது. வெளிச்சம் ஒரு சமயம் சுவரில், ஒரு சமயம் மழையில், ஒரு சமயம் என் மூக்கில். பின்னாலிருந்து அக்கா, "வெளிச்சத்தை ஆட்டாதேடா! ஒரு இடத்தில் காட்டு!" என்று கத்துகிறாள். எப்படி ஒரு இடத்தில் காட்டுவது? இரண்டு கையும் வெளிச்சம் உண்டாக்குவதில் இருக்கின்றன. விழுந்தால் ஊன்றக் கை இல்லை. மட்டையை விலக்கக் கை இல்லை.

கொட்டகையில் அத்தான் ஒரு மூங்கில் உத்திரத்தின் அடியில் கால் மாட்டிக்கொண்டு கிடந்தார். உத்திரத்தைத் தூக்க வேண்டுமென்றால் டார்ச்சைக் கீழே வைக்க வேண்டும். கீழே வைத்தால் இருட்டு. இருட்டில் எதைப் பிடித்துத் தூக்குவது, தூக்கினால் அது எங்கே சாயும் என்று தெரியவில்லை. அக்காவைச் சுற்றச் சொன்னேன். அவள் கை நடுங்கியது. நாலு சுற்று வேகமாகச் சுற்றினாள், கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. எதிர் வீட்டுப் பையன் ஒருவன் சத்தம் கேட்டு ஓடி வந்தான். பதினேழு பதினெட்டு வயசு இருக்கும். அவனிடம் சாதாரண இரண்டு கட்டை டார்ச் ஒன்று இருந்தது. வந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, டார்ச்சைக் காதுக்கு மேலே வைத்துத் துண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். அவ்வளவுதான். அவன் பார்க்கிற இடமெல்லாம் வெளிச்சம். இரண்டு கையும் சும்மா. நானும் அவனுமாக உத்திரத்தைத் தூக்கினோம். அக்கா அத்தானை இழுத்தாள். ஒரு பசு போய்விட்டது. அத்தானுக்கு முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. பிழைத்தார், இன்றைக்கும் விந்தி விந்தித்தான் நடக்கிறார். கொஞ்சம் முன்னதாக எடுத்திருந்தால் இவ்வளவு சேதம் இராது என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.

அந்தப் புயலில் டெல்டா முழுவதும் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்குமேல். பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு வரவில்லை. அந்த இருட்டு நாட்களில் ஒரு நாள் உட்கார்ந்து அந்த டார்ச்சின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தேன். பேட்டரியே வேண்டாம் என்று போட்டிருந்தார்களே, உள்ளே ஒரு பேட்டரி இருந்தது! ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிதான பொத்தான் பேட்டரி. சுற்றுகிறபோது உண்டாகும் மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதற்காக வைத்தது. இந்த ஜாதிப் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. சும்மா வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே வடிந்துபோகும். அடியோடு வடிந்து மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு எவ்வளவு ஊட்டினாலும் ஏற்காது. கைப்பிடிக்கும் டைனமோவுக்கும் நடுவே பிளாஸ்டிக் பல்சக்கரங்கள்; ஒன்றில் இரண்டு பல் போயிருந்தது. இதற்குக் குலுக்குகிற டார்ச் என்று ஒரு தம்பி உண்டு. குழாய்க்குள் காந்தம் முன்னும் பின்னும் ஓடினால் எரியும் என்பார்கள். அதிலே சில போலிகளில், ஓடுவது காந்தமே அல்ல. வெறும் உலோகக் கட்டி. எரிவது உள்ளே ஒளித்து வைத்த பொத்தான் பேட்டரியால். அது தீர்ந்த பிறகு விடியவிடியக் குலுக்கினாலும் கைவலிதான் மிச்சம்.

இந்தக் கதையை நண்பரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "மாதம் ஒரு தடவை எடுத்துச் சுற்றி வைத்திருக்க வேண்டும். அது உங்கள் தப்பு" என்றார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மாதம் தவறாமல் ஒரு சாமானை எடுத்துச் சுற்றி வைக்கிற ஒழுங்கு எனக்கு இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை டார்ச்சில் கட்டையை மாற்றுகிற ஒழுங்கும் எனக்கு இருந்திருக்கும். அப்புறம் இது எதற்கு? கவனிக்கவே வேண்டாம், வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லித்தானே இதை விற்கிறார்கள்? கவனிப்பு வேண்டாம் என்று விற்கப்படுகிற இந்தச் சாமானுக்குத்தான் மற்ற டார்ச்சைவிடப் பன்னிரண்டு மடங்கு கவனிப்பு வேண்டியிருக்கிறது. இதைவிடப் பெரிய ஏமாற்று என்ன இருக்க முடியும்?

நண்பர் விடவில்லை. "உங்களுடையது மட்டச் சரக்கு. நல்லதாக வாங்கினால் உழைக்கும்" என்றார். சரி, நல்லதையே எடுத்துக்கொள்வோம் என்று இருவரும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். பென்சில் அவர் கையில்தான் இருந்தது. ஆகவே கணக்கில் நான் ஒன்றும் சூது செய்ய முடியாது.

ஓரளவு சோர்வில்லாமல் சுற்றினால் இந்தச் சிறிய யந்திரத்திலிருந்து உருப்படியாகக் கிடைப்பது 2 வாட் என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு நிமிஷம் சுற்றிச் சேர்த்த சக்தியை அரை மணி நேரத்துக்குப் பங்கிட்டால், ஒரு வாட்டில் பதினைந்தில் ஒரு பங்குதான் விளக்குக்குப் போகும். இந்தக் காலத்து எல்.இ.டி. விளக்கு சிக்கனமானதுதான்; ஆனாலும் அந்தப் பதினைந்தில் ஒரு பங்குக்கு அது கொடுக்கிற வெளிச்சம் ஒரு மெழுகுவத்தியில் பாதி. அரை மணி நேரம் எரியும் என்று அட்டை சொன்னது பொய் இல்லை. என்ன எரியும் என்றுதான் சொல்லவில்லை.

மேலே கேளுங்கள். கடிகாரத்துக்குப் போடுகிறோமே, பென்சில் பேட்டரி, அதில் நல்ல ஆல்கலைன் ரகமாக ஒன்றில் அடங்கியிருப்பது ஏறக்குறைய இரண்டரை வாட்-மணி. அதைக் கையால் சுற்றி உண்டாக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஒரே ஒரு பென்சில் கட்டைக்கு! செல்போனுக்கும் இதிலேயே ஊட்டலாம் என்று பெட்டியின் மேல் படம் போட்டிருக்கிறார்களே, அதையும் போட்டுப் பார்த்தோம். இந்தக் காலத்து போன் பேட்டரி 15 வாட்-மணிக்குக் குறையாது. ஏழரை மணி நேரம் சுற்ற வேண்டும். வழியில் சூடாகி வீணாவதைச் சேர்த்தால் பத்து மணி என்று வைத்துக்கொள்ளலாம். பத்து மணி நேரம் இடைவிடாமல் கை சுற்றக்கூடியவன் போன் பண்ணுவதைவிட, நேரே நடந்துபோய்ச் சேதி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

"எல்.இ.டி. வந்ததால்தான் இதெல்லாம் சாத்தியமாயிற்று" என்றார் நண்பர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. வாஸ்தவம். ஆனால் எல்.இ.டி. டைனமோ டார்ச்சுக்கு மட்டுமா வந்தது? இரண்டு பென்சில் கட்டை போட்ட சிறு டார்ச்சில் பத்தில் ஒரு வாட் வீதம் எரித்தால் 50 மணி நேரம் வருகிறது. ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் என்றால் பத்து ராத்திரி. பல்பு டார்ச் காலத்தில் கட்டை சீக்கிரம் தீர்ந்துபோகும். வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரு மணி நேரமாவது வராதா என்று திருப்பிப் போடுவோம். அந்தக் காலத்தில் இந்தக் கைச்சுற்றுச் சாமான் வந்திருந்தால் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும்.

உண்மையில், அந்தக் காலத்தில் அது வரத்தான் செய்தது. வேறு தேசத்தில், வேறு விதமாக. நெதர்லாந்தை 1940-இல் ஜெர்மானியப் படை பிடித்துக்கொண்டது. ஐந்து வருஷம் ஊரெல்லாம் இருட்டடிப்பு. பேட்டரி கிடைக்காது. ஐந்தோவன் நகரத்துப் பிலிப்ஸ் கம்பெனியார் செய்த கை டார்ச் ஒன்று அங்கே வீட்டுக்கு வீடு பழக்கத்துக்கு வந்தது. சுற்றுவதில்லை, ஒரே கையால் அமுக்கி அமுக்கி விடுவது. அமுக்கும்போது உள்ளே சக்கரம் சுழன்று, ஒரு பூனை முனகுவதுபோல் சத்தம் வரும். அதனால் டச்சுக்காரர்கள் அதற்கு, கிள்ளினால் கத்துகிற பூனை என்கிற அர்த்தத்தில் ஒரு செல்லப் பெயர் வைத்தார்கள். ருஷ்யாவிலும் இதே ஜாதி டார்ச் உண்டு. அங்கே அதற்கு வண்டு என்று பெயர்.

அந்தப் பூனையை நான் மனமாரப் புகழ்வேன். அதில் சேமித்து வைக்கிற பேட்டரி கிடையாது. கெட்டுப்போக உள்ளே ஒன்றும் இல்லை. அமுக்கினால் எரியும், விட்டால் அணையும் என்பதை அது மறைக்கவும் இல்லை. ஒரு கை போதும். அதை வைத்திருந்தவர்களுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்: சந்து திரும்புகிறவரை, பூட்டில் சாவியைப் போடுகிறவரை கொஞ்சம் வெளிச்சம். அது தினம் கையிலிருந்த சாமான்; பீரோவில் பூட்டி வைத்தது அல்ல. எண்பது வருஷத்துக்கு முந்திய அந்த டார்ச்சுகளில் இன்றும் எரிபவை உண்டு. என் அக்கா வீட்டு டார்ச்சுக்கு மூன்று வயசுகூட நிரம்பவில்லை.

நம் ஊரில் இந்தத் தத்துவத்தை அனுபவத்தில் கற்றவர்கள் சைக்கிள்காரர்கள். பின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுமே, புட்டி மாதிரி ஒரு டைனமோ, அதை ஞாபகம் இருக்கிறதா? விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்து வாங்கினோம். மிதிக்கும்போது பிரமாதமாக எரியும். காலுக்கு இருக்கிற பலத்தில் 3 வாட் என்பது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் நாற்சந்தியில் லாரி வருகிறது என்று நின்றால், நின்ற அதே விநாடியில் விளக்கு அணைந்துவிடும். நாம் அங்கே நிற்கிறோம் என்று லாரிக்காரனுக்கு எப்போது தெரிய வேண்டுமோ அப்போது தெரியாது.

மலைக்கும் இதே கதைதான். கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைக்கு ஒரு மாசி மாதம் போயிருந்தேன். பூண்டியில் தரிசனம் செய்துவிட்டு ராத்திரியில் ஏறத் தொடங்கி ஏழு மலை ஏறுவது வழக்கம். ஒரு கையில் மூங்கில் தடி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் இறங்குகிறபோது முழங்கால் தாங்காது. எனக்கு முன்னால் போன வாலிபர் ஒருவர் டைனமோ டார்ச் வைத்திருந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நின்று, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கர் கர் என்று சுற்றுவார். குறுகலான படி. பின்னால் வருகிற நாங்கள் அத்தனை பேரும் நிற்போம். தடியின் நுனி எனக்குப் பின்னால் வந்த பெரியவரின் வயிற்றில் இரண்டு தடவை குத்தியது. பெரியவர், "தம்பி, நீ சுற்றி முடிக்கிறதுக்குள் விடிந்துவிடும், எங்கள் வெளிச்சத்திலேயே வாயேன்" என்றார். மூன்றாவது மலைக்குமேல் அவர் அப்படித்தான் வந்தார்.

நண்பருக்காக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கையால் சுற்றுவது எல்லாவற்றுக்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. ரேடியோவுக்கு அது நன்றாக உதவும். டிரெவர் பேலிஸ் என்கிற ஆங்கிலேயர் 1991-இல் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி பார்த்தார். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுகிறது, எச்சரிக்கை சொல்ல ரேடியோதான் வழி, ஆனால் ஜனங்களிடம் கரண்டும் இல்லை, பேட்டரி வாங்கக் காசும் இல்லை என்றார்கள். அந்த மனிதர் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டுக் கேட்கிற ரேடியோ ஒன்றைச் செய்தார். பிறகு தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் அதைத் தயாரித்தார்கள். ரேடியோ குறைவாகத் தின்னும் பிராணி. அதைச் சுற்றி வைத்துவிட்டுக் கை கட்டிக்கொண்டு கேட்கலாம்; எந்தப் பக்கம் காட்டுவது என்கிற கவலை இல்லை. டவர் எல்லாம் சாய்ந்து போன் செத்துக் கிடக்கிறபோது, புயல் எங்கே கரை கடந்தது என்று சொல்ல ஒரு குரல் கேட்டால் அது எவ்வளவு தைரியம் என்று ஜாபர்கான்பேட்டை மாடியில் உட்கார்ந்திருந்த பதினொரு பேரைக் கேட்டுப் பாருங்கள். அதுபோல, புயல் ஓய்ந்து ஐந்தாறு நாள் ஆகி, கடையும் திறக்காமல், வீட்டிலிருந்த கட்டையெல்லாம் தீர்ந்துவிட்டால் டைனமோ டார்ச்சை எடுத்துக்கொள்ளட்டும். அப்போது ஆபத்து போய்விட்டது, இருப்பது அலுப்புத்தான். குழந்தைகள் முறை வைத்துச் சுற்றுவார்கள். பொழுது போகும்.

நான் சண்டை போடுவது, முதல் ராத்திரிக்கு இது போதும் என்று சொல்கிறவர்களோடு. மழைக்காலம் வந்தால் புயலுக்குத் தயாராவது எப்படி என்று பட்டியல் போடுகிறார்களே, அதில் இதை முதல் வரியில் எழுதுகிறவர்களோடு. அந்தப் பட்டியலைப் படித்து வாங்கினவன் இனி டார்ச் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறான். வீட்டில் ஒரு விளக்கும் இல்லை என்று தெரிந்தவனாவது பக்கத்து வீட்டில் கேட்டு வைத்துக்கொள்வான். இருக்கிறது என்று நம்பியிருக்கிறவன்தான் மோசம் போகிறான். நான் மோசம் போனேன். நான் வாங்கிக் கொடுத்த சாமானை நம்பி அக்காவும் மோசம் போனாள். அத்தான் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர் சொல்லிக் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரையில் இவ்வளவு காரம் இராது.

"பேட்டரி கக்குமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று நண்பர் கடைசி அஸ்திரத்தை விட்டார். கக்கும், உள்ளேயே போட்டு மறந்துவிட்டால் கக்கும். கட்டைகளை வெளியே எடுத்து, ஒரு சிறு டப்பாவில் டார்ச்சோடு கட்டி வைத்தால் டார்ச்சைக் கக்காது. எந்த வருஷம்வரை தாங்கும் என்று கட்டையின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. நல்ல ஆல்கலைன் கட்டை ஏழெட்டு வருஷம் சும்மா இருந்தாலும் சக்தி போகாது. எங்கள் வீட்டில் இப்போது தலையில் மாட்டிக்கொள்கிற பட்டை விளக்கு இரண்டு இருக்கின்றன. மலை ஏறுகிறவர்கள் கட்டிக்கொள்வது. மாட்டிக்கொண்டால் கொஞ்சம் சுரங்கத் தொழிலாளி மாதிரி இருக்கிறது என்று என் சம்சாரம் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எதிர் வீட்டுப் பையன் துண்டால் கட்டிக்கொண்டதை எவனோ ரப்பர் பட்டை போட்டு விற்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்றை ஊருக்கு அனுப்பினேன். அத்தான் அதை மாட்டிக்கொண்டுதான் இப்போது ராத்திரியில் கொட்டகைக்குப் போகிறார் என்று அக்கா போனில் சொன்னாள். மாடு முதலில் மிரண்டதாம்.

நண்பர் கிளம்பவில்லை. அவர் பார்வை என் புத்தக அலமாரியின் மேல் தட்டுக்குப் போயிற்று. 2015-இல் வாங்கிய ஜோடியில் மிச்சமான டைனமோ டார்ச் அங்கே தூசி படிந்து கிடந்தது.

"பார்த்தீர்களா, நீங்களே வைத்திருக்கிறீர்கள்!" என்று துள்ளி எழுந்தார். எடுத்துத் துடைத்தார். பொத்தானை அழுத்தினார். எரியவில்லை.

"சும்மா இருந்து இருந்து இறங்கியிருக்கும். கொஞ்சம் சுற்றினால் ஏறிக்கொள்ளும், பாருங்கள்" என்று சொல்லி நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார்.

"சுற்றிக்கொண்டே இருங்கள்" என்றேன். "நான் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வருகிறேன்."